பதினொரு படிகள் ஏறிய மீன்தொட்டி

சென்ற மாதம், இரண்டாவது சனிக்கிழமை.

காலை 8.10: ஜெலாப்பாங் வாடகை வீட்டில் மீன்தொட்டியின் நீரை இறைப்பது தொடங்கியது. தொட்டியின் நீளம் ஆறடி. அகலமும் உயரமும் இரண்டரை அடி. கண்ணாடியின் கனம் பன்னிரண்டு மில்லிமீட்டர். வெற்று எடை ஏறத்தாழ நூற்று அறுபது கிலோ.

8.40: மீன் (கெலிசா, ஒன்று, இரண்டடிக்குச் சற்றுக் குறைவு) பழைய நீர் நிரப்பிய நீலப் பீப்பாயில் விடப்பட்டது. மின்கலத்தில் ஓடும் காற்றுக் கருவி பொருத்தப்பட்டது.

9.30: தொட்டி லாரியில் ஏற்றப்பட்டது.

10.25: லாரி ஈப்போவில் என் வீட்டு வாசலை அடைந்தது.

10.50: எட்டுப் பேர் தூக்கத் தொடங்கினர்.

11.20: தொட்டி கூடத்தில், இரும்புத் தாங்கியின்மேல் வைக்கப்பட்டது. விரிசல் இல்லை. எவருக்கும் காயம் இல்லை.

மாலை 5.15: மீன் தொட்டியில் விடப்பட்டது. உணவு எடுக்கவில்லை.

நீர் வழங்கும் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேதியியலாளனாக இருந்தவனுக்கு இப்படித்தான் எழுத வரும். எங்கள் பதிவேடுகளில் என்ன நடந்தது என்பது இருக்கும்; யாருக்கு நடந்தது என்பது இருக்காது. இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளையும் நான் பெரும்பாலும் அவ்வாறே எழுதிவந்தேன் என்பதை, நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு திரும்பிப் படித்தபோது உணர்ந்தேன்.

தொட்டிக்கு உரியவன்

தொட்டி என் மகன் இளங்கோவுடையது. நான்கு மாதங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் புறப்படக் காலணி மாட்டிக்கொண்டிருந்தபோது அவனுடைய இதயம் நின்றுவிட்டது. வயது நாற்பத்தொன்று. மணம் செய்துகொள்ளவில்லை. ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் இயந்திரங்களைப் பராமரிப்பவனாக இருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். கடிதம் எழுதிய வாசகர்களுக்கு நன்றி.

அவன் விட்டுச்சென்ற பொருள்களில் உயிருள்ளது ஒன்றே ஒன்று. கெலிசாவை நம் ஊரில் அறியாதவர் குறைவு. வாள்போல் நீண்ட உடல், காசு அளவுச் செதில், கீழுதட்டில் இரண்டு மீசை. அதிர்ஷ்டம் தரும் என்று சீனர்கள் வளர்ப்பார்கள். இளங்கோ எதற்காக வளர்த்தான் என்று நான் கேட்டதில்லை.

ஜெலாப்பாங் வீட்டுக்காரர் இந்த மாத இறுதிக்குள் வீட்டைக் கேட்டிருந்தார். நியாயமான மனிதர், மூன்று மாதம் பொறுத்துவிட்டார். மீன்கடைக்காரர் ஒருவர் மீனையும் தொட்டியையும் எடுத்துக்கொள்ள முன்வந்தார். நானும் சம்மதித்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி சிவகாமியிடம் சொன்னேன்.

சிவகாமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். “அது அவன் கையில வாங்கித் தின்ன உயிரு. கடையில கொண்டுபோய் விடுறதுன்னா என்னையும் சேர்த்து விட்டுட்டு வாங்க” என்றாள்.

அந்த மாதங்களில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீண்ட வாக்கியம் அது. ஆகவே மீன் எங்கள் வீட்டுக்கு வருவது முடிவாயிற்று. அது சாகக் கூடாது என்பது அன்றிலிருந்து என் பொறுப்பாயிற்று. அது செத்தால் சிவகாமியிடம் நான் சொல்லக்கூடிய சொல் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

ஒரு கணக்குத்தாள்

இந்தத் தொட்டி எங்கள் வீட்டுக்கு வர ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டது.

அப்போது இளங்கோ எங்களோடு மாடி அறையில் இருந்தான். சிறிய தொட்டியில் இருந்த மீன் வளர்ந்துவிட்டது. ஆறடித் தொட்டி வாங்கி அறையில் வைக்கலாமா என்று கேட்டான். நான் ஒரு தாளில் கணக்கிட்டுக் கொடுத்தேன். நீர் நிரம்பினால் ஒரு டன்னுக்கு மேல். மாடித் தளம் தாங்காது. தாளின் அடியில் கோடு போட்டுக் கையெழுத்தும் இட்டிருந்தேன் என்று நினைவு. அலுவலகப் பழக்கம்.

அவன் நின்றபடியே படித்தான். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “சரிப்பா” என்றான். இரண்டு மாதத்தில் ஜெலாப்பாங்கில் வாடகை வீடு பார்த்துப் போய்விட்டான்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கீழ்க்கூடம் நேரே மண்மேல் போடப்பட்ட தளம். அதில் இப்படி நான்கு தொட்டிகளை வைக்கலாம். அதை நான் கணக்கிடவில்லை. அவன் மாடியைப் பற்றித்தானே கேட்டான் என்று எனக்கு நானே பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோள் கொடுப்பவர்கள்

எங்கள் வீடு மேட்டில் இருக்கிறது. கார் நிறுத்தும் இடம் தெருமட்டத்தில். அங்கிருந்து வாசலுக்குப் பதினொரு படிகள், ஆறாவது படியில் ஒரு திருப்பம். வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும் இரண்டு நிறுவனத்தார் வந்து பார்த்தனர். ஒருவர் முடியாதென்று தலையசைத்துவிட்டுப் போனார். மற்றவர் தலையசைக்கவும் இல்லை. படியைப் பார்த்தார், காரைத் திருப்பினார்.

பிறகு மணியம் வந்தார். இளங்கோவோடு ஒரே தொழிற்சாலையில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுபவர். ஐம்பதை நெருங்குபவர், குட்டையானவர், கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன உடம்பு. கோப்பெங் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். நானும் அதே தோட்டத்தில் பிறந்தவன்தான்.

அந்தத் தோட்டத்தைப் பற்றி இரண்டு சொல் சொல்ல வேண்டும். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் குடிநீர், ஈயம் தோண்டிக் கைவிட்ட ஒரு குட்டையிலிருந்து வந்தது. தேநீர் நிறத்தில் இருக்கும். வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்டுவோம். துணியில் சிவப்பு வண்டல் தங்கும், அந்த வண்டலில் ஏதாவது நெளியும். என் தங்கை ஒருத்தி மூன்று வயதில் பேதியில் போனாள். நான் வேதியியல் படித்ததற்கும், நீரில் எதுவும் உயிரோடு இருக்கக் கூடாது என்று முப்பத்திரண்டு ஆண்டுகள் பாடுபட்டதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பதினெட்டு வயதில் அங்கிருந்து கிளம்பியவன் அதிகம் திரும்பிப் போகவில்லை. ரப்பர் மரங்கள் போய்விட்டன. பாதி நிலத்தில் எண்ணெய்ச் செம்பனை, பாதியில் வீடமைப்பு. முருகன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆண்டுத் திருவிழாவில் சாமி தூக்க, பல ஊர்களுக்கும் பிரிந்துபோனவர்கள் வந்து சேர்கிறார்கள். மணியம் அவர்களுக்குத் தலைவர். இளங்கோ பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தப் பல்லக்கின் முன் இடது தோள் என்பதை மணியம் சொல்லித்தான், துக்க வீட்டில், அறிந்தேன். “திருவிழாவுக்குப் போறேன்ப்பா” என்பான். பார்க்கப் போகிறான் என்று நினைத்திருந்தேன்.

மணியம் படிகளில் ஒருமுறை ஏறி இறங்கினார். திருப்பத்தைக் கையை விரித்து அளந்தார். கோயிலில் பல்லக்குத் தூக்கும் பழைய வாரைக் கழிகள் நான்கு இருப்பதாகவும், பலகைமேல் தொட்டியை வைத்துக் கட்டிவிடலாம் என்றும் சொன்னார். கண்ணாடி தாங்குமா என்று கேட்டேன்.

“மலைக் கோயில் படியில சாமியே பூ கொட்டாம ஏறுது ஐயா. இதுல பூகூட இல்ல.”

வெறும் பெட்டி

முந்தின நாள், வெள்ளிக்கிழமை, ஜெலாப்பாங்கில் இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது என் காரியம். தொட்டிக்கு அடியில் வடிகட்டிப் பெட்டி ஒன்று உண்டு. அதில் நுரைப்பஞ்சு அட்டைகளும், விரல்நீளப் பீங்கான் வளையங்களும் அடுக்கியிருந்தன. எல்லாம் கறுத்து, பிசுபிசுத்து, சேற்று வாடை வீசின. நான் குழாயைத் திறந்துவிட்டு ஒன்றரை மணி நேரம் கழுவினேன். வளையங்கள் பல்லைப் போல வெளுத்தன. வெகுநாள்களுக்குப் பின் ஒரு வேலையைச் சரியாகச் செய்த திருப்தி வந்தது.

மணியம் அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “இளங்கோ இவ்ளோ கழுவ மாட்டான் ஐயா. பழைய தண்ணியில முக்கிப் பிழிஞ்சு வச்சிடுவான்” என்றார்.

அவனுக்குச் சோம்பல் என்றேன். மணியம் குனிந்தார். அடியில் கிடந்த கடைசிப் பஞ்சு அட்டை ஒன்றை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றவர், பிறகு அதைப் பழைய நீர் நிரப்பியிருந்த நீலப் பீப்பாயில் போட்டார். நான் கவனித்தும் கவனிக்காமல் விட்டேன்.

இரண்டாவது, மணியத்தின் நிபந்தனை. தொட்டியைக் காலியாகக் கொண்டுபோகக் கூடாது, அடியில் கொஞ்சமாவது நீர் இருக்க வேண்டும் என்றார். நான் விளக்கினேன்: இரண்டு அங்குல நீரே எழுபது கிலோ. படியில் சாயும்போது அது முழுவதும் ஒரு பக்கம் ஓடும். கண்ணாடி ஒட்டு பிரிந்துவிடும். நின்றபடி கால்மணி நேரம் விளக்கியிருப்பேன்.

அவர் முழுவதையும் கேட்டார். “கணக்கெல்லாம் சரிதான்லா ஐயா” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், வாரையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டே சொன்னார்:

“ஆறடிப் பெட்டி. எட்டுப் பேரு தோளு. அதே படி. வெறும் பெட்டியா உள்ள போனா, அம்மா எப்படிப் பாப்பாங்க?”

நான்கு மாதங்களுக்கு முன் அந்தப் படிகளில் ஒரு பெட்டி இறங்கியது. அன்று முன்னால் பிடித்திருந்தவர் மணியம். இன்று ஏற்றப்போகிறவர்களில் பாதிப் பேர் அன்று இறக்கியவர்கள். அளவுகளை மும்முறை சரிபார்த்திருந்த எனக்கு இது தோன்றவில்லை.

முடிவில் இருவரும் பாதி பாதி விட்டுக்கொடுத்தோம். தொட்டி உலர்ந்துதான் வரும். ஆனால் அதற்கு முன்னால், அந்தத் தொட்டியின் பழைய நீர் நிறைந்த குடத்தோடு சிவகாமி படியேறுவாள். “குடம் முன்னால போயிட்டா, பின்னால வர்றது தண்ணிப் பாத்திரம். பெட்டி இல்ல” என்றார் மணியம். இதற்கு எந்த நூலில் ஆதாரம் என்று நான் கேட்கவில்லை.

படிகள்

சனிக்கிழமை ஏழு பேர்தான் வந்தார்கள். தோள் ஒற்றைப்படையாக இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மணியம் என்னைப் பின்வரிசையில் நிற்கச் சொன்னார். எனக்கு எழுபத்து மூன்று வயது என்று நினைவூட்டினேன். “தெரியும் ஐயா, நில்லுங்க” என்றார்.

கார் நிறுத்துமிடத்தில் பீப்பாயை இறக்கி, அதிலிருந்து ஒரு குடம் மொண்டு சிவகாமியிடம் கொடுத்தார்கள். மங்கிய நீர், பாசி வாடை. அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு முதல் படியில் நின்றாள். தொட்டியின் விளிம்பில் என் ரசமட்டக் கருவியை வைத்தேன். அதன் குமிழி நடுவில் நின்றது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். நானும் கழற்றினேன்.

தூக்கிய கணத்தில் யாரோ ஒருவர் பழக்கத்தில் “அரோகரா” என்று குரல் கொடுத்துவிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். துக்கம் ஓராண்டு நிறையாத வீடு.

மணியம் தலையைத் திருப்பாமல் சொன்னார்: “மீனுக்கு அரோகரா போட்ட மொத ஆளு நீதான்டா மச்சான்.”

முன்னால் குடத்தோடு நின்ற சிவகாமியின் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் அடியெடுத்து வைக்கவில்லை. அவள் திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தாள். குடத்து நீர் கொஞ்சம் சிந்தி அவள் புடவையை நனைத்திருந்தது.

பிறகு ஏறினோம். முன்னால் நிற்பவர்கள் வாரையைத் தோளிலிருந்து இறக்கி இடுப்பளவில் பிடித்தார்கள். பின்னால் நிற்பவர்கள் தோளில் ஏந்தினார்கள். படியின் சரிவு முழுவதும் அவர்கள் உடம்புக்குள் போய்விட்டது. தொட்டி மட்டமாகவே நின்றது. ஒவ்வொரு படிக்கும் மணியம் “பெலான்... பெலான்...” என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். மலாய்ச் சொல்தான், மெதுவாக என்று பொருள். அதை அவர் ஓதுவது போலச் சொன்னார்.

எதிர்வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர், வாசலில் நாற்காலியில் இருந்தவர், வாரைகளைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். அன்றும் அப்படித்தான் நின்றார். சிவகாமி ஏறிக்கொண்டே அவர் பக்கம் பார்த்து, “ஈக்கான், சேகு. ஈக்கான்” என்றாள். மலாயில் ஈக்கான் மீன், சேகு ஆசிரியர். மீன் என்று அறிந்ததும் அந்த மனிதரின் முகம் தெளிந்தது. தெருவைக் கடந்து வந்து, மேல்வாசல் இரும்புக் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

ஆறாவது படியின் திருப்பத்தில் கண்ணாடிக்கும் சுவருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. அங்கே நின்றபோதுதான் ஒன்றை உணர்ந்தேன். என் தோளில் எடையே இல்லை. வாரை என் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கயிற்றை எனக்கு அடுத்தவர் பக்கமாக உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார்கள். நெம்புகோல் விதி தெரிந்த எவனும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவான். எனக்குச் சொல்ல ஐந்து படிகள் பிடித்தன.

மேலே வைத்த பிறகு மணியத்திடம் கேட்டேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, “அவன் அப்பா நீங்க. சும்மா கூட வந்தாப் போதும் ஐயா” என்றார்.

பால் நிறம்

புதிய நீரை நான் முறைப்படி தயாரித்தேன். குளோரினை நீக்கும் உப்பைக் கிராம் கணக்கில் நிறுத்துப் போட்டேன். வெப்பத்தைச் சமப்படுத்திய பின்பே பீப்பாயிலிருந்த மீனைப் பையில் ஏந்தி மேலே கொண்டுவந்து விட்டோம். முதல் நாள் அது ஒரு மூலையில் அசையாமல் நின்றது. பயணக் களைப்பு என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை நீர் பால் கலந்தது போலிருந்தது. மீன் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடியது. இறாலை அதன் முன்னால் போட்டால், அது மூழ்கும்வரை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. செவுள் ஓரம் சிவந்திருந்தது.

இளங்கோவின் சோதனைக் குப்பியில் நீரை எடுத்து மருந்துத் துளிகளை விட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா.

மீனின் கழிவு நீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் வடிகட்டியின் அழுக்கில்தான் குடியிருக்கும். அந்தக் கறுப்புப் பிசுபிசுப்பு அழுக்கன்று. ஒன்பது ஆண்டுகளாக என் மகன் வளர்த்தது. அதை நான் குளோரின் கலந்த குழாய் நீரில் ஒன்றரை மணி நேரம், திருப்தியோடு கொன்றிருக்கிறேன். நீர் வேதியியல் அறியாத எந்த மனிதனும் அவ்வளவு நன்றாகக் கழுவியிருக்க மாட்டான்.

சிவகாமி வந்து குப்பியைப் பார்த்தாள். என்ன நிறம் நல்லது என்று அவளுக்குத் தெரியாது. என் முகத்தைப் பார்த்தாள்.

“நான்தான் கழுவினேன். அதனால்தான்” என்றேன்.

“தெரியும். அன்னைக்குச் சட்டையெல்லாம் குளோரின் வாடை. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அந்த வாடையத் தொவைக்கிறவ நான்” என்றாள். பிறகு, “சரி பண்ண முடியுமா?” என்றாள்.

தெரியவில்லை என்றேன். அவளிடம் அந்தச் சொல்லை நான் அடிக்கடி சொன்னதில்லை.

மணியத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். நடந்ததைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, பீப்பாயைக் கவிழ்த்துவிட்டீர்களா என்பது. இல்லை, கீழே அப்படியே இருக்கிறது. காற்றுக் கருவி? மூன்று நாளாகக் கீழே ஏதோ முனகிக்கொண்டிருந்தது. மீனை எடுத்தபின் நிறுத்த மறந்த அந்தக் கருவிக்கு, யாரோ சுவர் மின்சாரத்தில் இணைப்பும் கொடுத்திருந்தார்கள். யாரென்று பின்னர் விசாரித்தும் தெரியவில்லை.

பதினொரு படி இறங்கி, மூடியைத் திறந்தேன். நாற்றம் முகத்தில் அடித்தது. அடியில், காற்றுக்குமிழிகளின் நடுவில், கழுவப்படாத அந்தக் கடைசிப் பஞ்சு அட்டை கிடந்தது. கறுப்பாக.

இதை மணியத்தின் அனுபவ அறிவு என்று எழுத ஆசைதான். அவரே அதை ஒப்புக்கொள்ளவில்லை. “கையில வச்சிக்க எடமில்லாம போட்டேன் ஐயா, அவ்ளோதான்” என்றார்.

அட்டையை இரண்டு கைகளிலும் ஏந்தி, சொட்டச் சொட்ட, படியேறினேன். சிவகாமி வடிகட்டிப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள்.

ஒன்பதாம் நாள்

அதன்பின் நான் செய்தவை எளியவை. நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றினேன். காலையும் மாலையும் சோதித்தேன். பச்சை வெளிறியது, இளம்பச்சையானது, ஒரு காலையில் பச்சையா மஞ்சளா என்று சன்னல் வெளிச்சத்தில் இருவரும் தர்க்கம் செய்தோம். சிவகாமி மஞ்சள் என்றாள். மறுநாள் எனக்கும் மஞ்சள்.

தொட்டி வந்த ஒன்பதாம் நாள் முற்பகல், நீர் தெளிந்திருந்தது. கூடத்தின் மறுபக்கச் சுவர்க் கடிகாரம் தொட்டியின் வழியே தெரிந்தது. சிவகாமி முக்காலிமேல் ஏறி நின்று, மூடியைத் தூக்கி, உரித்த இறால் ஒன்றை விரல் நுனியில் பிடித்து நீருக்குச் சற்று மேலே நீட்டினாள். முக்காலி வேண்டாம், விழுந்துவிடுவாய் என்று சொல்ல வாயெடுத்தேன்.

மீன் அடியிலிருந்து கிளம்பியதை நான் காணவில்லை. நீர் உடையும் ஓசை கேட்டது. அவள் முழங்கைவரை நனைந்திருந்தாள். விரலில் இறால் இல்லை. மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அதே இடத்தில், அவள் கைக்கு நேர் கீழே நின்றது.

“இன்னொண்ணு எடுங்க” என்றாள், என்னைப் பாராமல், கையை மட்டும் பின்னால் நீட்டி.

எடுத்துக் கொடுத்தேன். நான்கு இறால். ஐந்தாவதை அது மறுத்தது. போதுமென்றால் மறுக்கும் என்று மணியம் சொல்லியிருந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்று மதியம் வழக்கத்தைவிட இரண்டு அகப்பை அதிகமாகச் சோறு வாங்கிச் சாப்பிட்டதாகவும், சாப்பிட்ட இடத்திலேயே தூங்கிவிட்டதாகவும் சிவகாமி பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை.

இன்னும் செய்யாதவை

மூடிக்கு மேல் வைக்கக் கனமான சட்டம் ஒன்று. கெலிசா குதிக்கும்.

கோயில் வாரைகள் நான்கும் கார் நிறுத்துமிடத்தில் கிடக்கின்றன. திருவிழாவுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சிவகாமியும் வருகிறாளாம், ஓராண்டு நிறையாமல் கோயிலுக்குள் போகக் கூடாது, வெளியே நிற்போம்.

ஜெலாப்பாங் வீட்டுச் சாவி.

அவன் காலணி ஒரு சோடி. இன்னும் அந்த வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

இளங்கோ அந்த மீனை என்ன பெயர் சொல்லி அழைப்பான் என்று மணியத்திடம் கேட்க வேண்டும்.